மேகத்தில் ஒரு வில்



கடந்த ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறோம். மதியத்துக்கு மேல் இடியும் மின்னலுமாய் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேற்கே மேகம் விலகி வெயில் பளீரென்று அடிக்கிறது. கிழக்கே மருந்துவாழ்மலைக்கு மேலே இன்னும் மழை பெய்துகொண்டிருக்கிறது. அந்த மழையின் நடுவே, மலையின் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரைக்கும் முழுசாக ஒரு வானவில். அதற்கு மேலே மங்கலாக இன்னொன்று. வயதான அம்மா ஒருவர், "காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்லா!" என்று சிரித்தார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை ஒன்று என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பாஸ்டரே, இது நோவா தாத்தாவுக்கு ஆண்டவர் குடுத்த வில்லு தானே?" என்று கேட்டது.

"ஆமா மக்ளே" என்றேன். சொன்னேனே தவிர, அந்த "ஆமா" தொண்டையில் கொஞ்சம் சிக்கிக்கொண்டுதான் வெளியே வந்தது. காரணம் உண்டு. இந்த வானவில்லைப் பற்றி என்னிடம் இரண்டு பேர் கேட்ட இரண்டு கேள்விகள் பல வருஷமாக எனக்குள்ளே கிடக்கின்றன. ஒன்றுக்கு நான் கோபத்தில் பதில் சொன்னேன். மற்றொன்றுக்குப் பதிலே சொல்லவில்லை. இந்த இதழில் அவை இரண்டையும் உங்கள் முன்னே வைத்துச் சிந்திக்க விரும்புகிறேன். பொறுமையோடு வாசியுங்கள், வேதப் புத்தகத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி ஒரு வாலிபர் கூட்டத்தில் வந்தது. 2016-ம் வருஷம். ஆதியாகமம் 9-ம் அதிகாரத்தை எடுத்துப் பேசினேன். நோவாவுக்கு முன்னே பூமியில் மழையே பெய்ததில்லை, வானவில்லும் இருந்ததில்லை, ஜலப்பிரளயத்துக்குப் பிறகுதான் தேவன் அதைப் புதிதாக உண்டாக்கினார் என்று அடித்துச் சொன்னேன். பிளஸ் ஒன் படிக்கிற ஒரு தம்பி கையைத் தூக்கினான். "பாஸ்டரே, அது ஒளி விலகல்ன்னு ஸ்கூல்ல சார் சொல்லித்தந்தாவ. அப்பம் நோவாவுக்கு முந்தி வெளிச்சம் வளையாதா?"

கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "விசுவாசத்தில் அறிவைக் கலக்காதே, உட்காரு" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மூன்று வாரம் வந்தான், பின்னே வரவில்லை. அவனுடைய அம்மா மட்டும் ஞாயிறுதோறும் வந்து, அவனுக்காக ஜெபிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டை வாசித்து ஜெபித்தவனும் நான்தான். பிள்ளை வராமல் போனதற்குக் காரணமானவனும் நான்தான்.

வேதாகமக் கல்லூரியில் பிரசங்கம் பண்ணக் கற்றுத் தந்தார்கள், ஒளியைப் பற்றி யாரும் கற்றுத் தரவில்லை. ஆகையால் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்தபோது பயம் வரவில்லை பிரியமானவர்களே, ஸ்தோத்திரம்தான் வந்தது.

நீங்களே செய்து பார்க்கலாம். சாயங்காலம் நாலரை மணிக்கு முற்றத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஓஸ் குழாயின் வாயைப் பெருவிரலால் அழுத்தித் தண்ணீரைத் தூவானமாய்ப் பீச்சியடியுங்கள். சின்ன வில் ஒன்று தெரியும். மேலே நடப்பதும் இதேதான். சூரிய வெளிச்சம் ஒரு மழைத்துளிக்குள் நுழையும்போது வளைகிறது. துளியின் பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது. வெளியே வரும்போது மறுபடியும் வளைகிறது. ஒவ்வொரு நிறமும் கொஞ்சம் வித்தியாசமான அளவில் வளைவதால், சேர்ந்து வந்த வெள்ளை வெளிச்சம் பிரிந்துபோகிறது. சிவப்பு ஏறக்குறைய 42 டிகிரியில் திரும்பி வருகிறது, ஊதா 40 டிகிரியில். அதனால்தான் எப்போதும் சிவப்பு வெளியோரத்திலும் ஊதா உள்ளோரத்திலும் இருக்கிறது. மேலே மங்கலாகத் தெரிகிற இரண்டாவது வில், துளிக்குள் இரண்டு தரம் பட்டுத் திரும்பிய வெளிச்சம். அது 51 டிகிரியில் நிற்கும், நிறங்களும் தலைகீழாக இருக்கும். இரண்டு வில்லுக்கும் நடுவே வானம் கொஞ்சம் இருண்டிருக்கும். அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள்.

உச்சி வெயிலில் வானவில் ஏன் வருவதில்லை தெரியுமா? சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வில் தரைக்குக் கீழே போய்விடும். நம்ம ஊரில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே போகிறபடியால், காலை ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் சாயங்காலம் மூன்று மணி வரைக்கும் பெரும்பாலும் தெரியாது. சுலபமான கணக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடச் சற்று நீளமாக விழ வேண்டும். விழாவிட்டால் மழை எவ்வளவு பெய்தாலும் வானத்தில் வில்லைத் தேட வேண்டாம். வில்லின் நடுப்புள்ளி உங்கள் தலையின் நிழல் விழுகிற திசையில்தான் இருக்கும். காலையில் பார்த்தால் வில் மேற்கே, மாலையில் பார்த்தால் கிழக்கே. நம்முடைய கன்னியாகுமரி முனையில் நிற்கிறவனுக்குக் காலையில் அரபிக்கடல் பக்கமும் மாலையில் வங்காள விரிகுடாப் பக்கமும் தெரியும். இந்தப் பாக்கியம் எத்தனை ஊருக்குக் கிடைக்கும்?

இன்னொன்று. மருந்துவாழ்மலை மேலே நான் பார்த்த வில்லை என் பக்கத்தில் நின்ற அம்மா பார்க்கவில்லை. அவர்கள் கண்ணுக்கு வேறே துளிகளிலிருந்து வேறே வெளிச்சம் வந்தது. சரியாகச் சொன்னால் என் வலக்கண் பார்த்த வில் வேறு, இடக்கண் பார்த்த வில் வேறு. துளிகளோ நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒரு துளி ஒரு நிறத்தைக் காட்டிவிட்டுக் கீழே போக, அந்த இடத்துக்கு அடுத்த துளி வருகிறது. விழுகிற தண்ணீரில் விழாமல் நிற்கிற வில்!

இதைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாம் நாத்திகர் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். ஜெர்மனி தேசத்துத் தியோடரிக் என்பவர் டொமினிக்கன் துறவி. 1304-க்கும் 1310-க்கும் இடையிலே, உருண்டையான கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை நிரப்பி, இதுதான் ஒரு பெரிய மழைத்துளி என்று வைத்துக்கொண்டு, வெளிச்சம் போகும் வழியைக் கண்டுபிடித்தார். அதே காலத்தில் பாரசீகத்தில் கமாலுதீன் அல்-ஃபாரிசி என்ற அறிஞரும் அதே மாதிரிக் குடுவையை வைத்து அதே முடிவுக்கு வந்தார். ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது. 1637-ல் பிரெஞ்சு நாட்டு டேக்கார்ட் அந்த 42 டிகிரி எப்படி வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஐசக் நியூட்டன் முப்பட்டகக் கண்ணாடியால் வெளிச்சத்தைப் பிரித்து, 1704-ல் ஒளியைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். அந்த நியூட்டன் தானியேல் புத்தகத்துக்கும் வெளிப்படுத்தின விசேஷத்துக்கும் விளக்கம் எழுதிவைத்தவர். அவர் மரித்தபின் 1733-ல் அது அச்சாயிற்று. நியூட்டன் வானவில்லின் அழகையெல்லாம் கெடுத்துவிட்டார் என்று கீட்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1817-ல் லண்டனில் ஒரு விருந்தில் குறைப்பட்டாராம். கவிஞருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கு தெரிந்த பிறகுதான் நான் மழை விட்டதும் வாசலுக்கு ஓடுகிறேன்.

சிரிக்காதீர்கள், இதையும் சொல்லிவிடுகிறேன். வானவில்லின் ஏழு நிறங்களையும் ஏழு ஆவிகளோடு ஒப்பிட்டு நான் எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். ஏழு என்று சொன்னது வேதம் அல்ல, நியூட்டன்! அவரும் முதலில் ஐந்து என்றுதான் எண்ணினார். பிறகு சங்கீதத்தின் ஏழு சுரங்களுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்தார். வில்லிலே கோடு ஒன்றும் கிழித்திருக்கவில்லை, நிறம் நிறத்தோடு கரைந்துதான் போகிறது. வேதத்தில் வானவில் வருவது ஆதியாகமம் 9, எசேக்கியேல் 1, வெளிப்படுத்தின விசேஷம் 4, 10 ஆகிய அதிகாரங்களில்தான். ஓரிடத்திலும் நிறங்களை எண்ணவில்லை. யோவான் சிங்காசனத்தைச் சுற்றிக் கண்ட வில்லோ மரகதம் போலப் பச்சையாகத் தோன்றியதாம்.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். நோவாவுக்கு முந்தி வெளிச்சம் வளையாதா? வளைந்திருக்கும் மக்கா. நம் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வெளிச்சத்தை வளைப்பதால்தான் நாம் எதையுமே பார்க்கிறோம். வெளிச்சம் வளையாதிருந்தால் ஆதாம் ஏவாளைப் பார்த்திருக்க முடியாது. வில் தோன்ற மழைகூட வேண்டாம். திற்பரப்பு அருவியில் வெயில் முதுகில் படும்படி நின்று பாருங்கள், சிதறுகிற தண்ணீரில் வில் தெரியும். வெள்ளத்துக்கு முன் மழை பெய்ததில்லை என்று ஆதியாகமம் 2:5,6 வசனங்களிலிருந்து போதிக்கிற மூத்த ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வசனங்கள் நிலத்தைப் பண்படுத்த மனுஷன் உண்டாகும் முன்னே இருந்த நிலையைச் சொல்லுகின்றன. நோவாவின் நாள்வரைக்கும் அப்படியே இருந்தது என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

அப்படியானால் அது எப்படி அடையாளம்? முன்பே இருந்த ஒன்றை எப்படி வாக்குத்தத்தத்தின் சின்னம் என்பது? இதுதான் கேள்வியின் அடிவேர். யோசுவா 4-ம் அதிகாரத்தில் யோர்தானின் நடுவிலிருந்து பன்னிரண்டு கல்லை எடுத்து நிறுத்தினார்களே, அந்தக் கல் அன்றைக்கா உண்டாயிற்று? ஆற்றில் எத்தனையோ காலமாகக் கிடந்த கல்தான். திருவிருந்தில் நாம் பிட்கிற அப்பம் மாவும் தண்ணீரும். நாங்கள் ஞானஸ்நானம் கொடுக்கிற தொட்டித் தண்ணீர் பக்கத்து வீட்டு மோட்டாரிலிருந்து வருகிறது, கரண்டு பில்லையும் சபைதான் கட்டுகிறது. அந்தத் தண்ணீர் எதனால் ஆனது என்று வேதியியல் வாத்தியார் சொல்லிவிட்டதால் அதில் முழுகி எழுந்தவனுடைய சாட்சி பொய்யாகிவிடுமா? ஒரு பொருள் எப்படி உண்டாயிற்று என்பது ஒரு கேள்வி. அதைக் கையில் எடுத்து ஒருவர் என்ன சொன்னார் என்பது வேறே கேள்வி. முதல் கேள்விக்குச் சார் சரியான பதில் சொன்னார். இரண்டாவதுக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அதட்டினேன்.

இன்னும் ஒரு படி போகலாம். எரேமியா 33-ம் அதிகாரத்தில் கர்த்தர் பகலோடும் இரவோடும் தாம் பண்ணின உடன்படிக்கையைப் பற்றிப் பேசுகிறார். வானத்துக்கும் பூமிக்கும் தாம் வைத்த நியமங்களைத் தமது உண்மைக்குச் சாட்சியாக நிறுத்துகிறார். விஞ்ஞானி "இயற்கை விதி" என்கிறதை தீர்க்கதரிசி "உடன்படிக்கை" என்கிறார். எந்த மழையிலும் எந்த ஊரிலும் 42 டிகிரி மாறவில்லை. நினைத்தால் வரும், நினைத்தால் வராது என்று வில் இருந்தால் அதை நம்பி யாராவது வாக்குத்தத்தம் என்று சொல்ல முடியுமா?

எபிரெய மொழியில் வானவில்லுக்கும் யுத்தத்தில் பிடிக்கிற வில்லுக்கும் ஒரே சொல்தான். தமிழிலும் அப்படியே. நம் மாவட்டத்தில் மலையாளம் பேசுகிறவர்களும் மழவில்லு என்றுதான் சொல்கிறார்கள். நாஞ்சில் நாட்டில் வில் என்றால் நமக்கு வில்லுப்பாட்டு ஞாபகம் வரும். கொல்லுகிற கருவியை மண்ணில் சாய்த்து வைத்து, மணியைக் கட்டி, கோலால் தட்டிப் பாட்டுப் பாட வைத்த ஜனங்கள் நம் முன்னோர். அந்தப் பாட்டின் கதைகளை நாம் பாடுவதில்லை, அது வேறே. ஆனால் யுத்த வில்லை யுத்தத்துக்கு இல்லை என்று கீழே வைப்பது என்னவென்று நம்ம ஊர்க்காரனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தேவன் தமது வில்லை மேகத்தில் தொங்கவிட்டார். அதன் வளைவு மேலே பார்க்கிறது, பூமியைக் குறிபார்க்கவில்லை.

இரண்டாவது கேள்வி கடற்கரையிலிருந்து வந்தது. 2017 நவம்பர் 30-ந்தேதி ஒக்கிப் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தப் பக்கம் ரப்பரும் தென்னையும் வாழையும் முறிந்து விழுந்தன, பல நாள் கரண்டு இல்லை. கடல் பக்கமோ, தூத்தூர் முதல் நீரோடி வரைக்கும் உள்ள ஊர்களிலிருந்து தங்கலுக்குப் போனவர்களில் அநேகர் திரும்பி வரவேயில்லை. அடக்கம் பண்ணச் சரீரமும் கிடைக்கவில்லை. நம் ஜெபக்கூட்டத்துக்கு வருகிற ஒரு சகோதரியின் புருஷனும் அதில் ஒருவர். சில மாதம் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போய், ஆறுதலாக இருக்கட்டும் என்று நோவாவின் உடன்படிக்கையை வாசித்தேன். எனக்கு அன்றைக்கு வேறே வசனம் ஏன் கிடைக்கவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர்கள் கேட்டார்கள்: "பாஸ்டரே, நோவாவுக்கு வில்லு வச்சாரு. எங்க வீட்டுக்காரருக்கு என்னத்த வச்சாரு?"

ஒரு பதில் இருக்கிறது. மாம்சமான யாவையும் அழிக்கும்படி இனி ஜலப்பிரளயம் வராது என்பதுதான் வாக்கு, ஒரு படகும் கவிழாது என்பதல்ல. வசனத்தின்படி அது சரி. ஆனால் கண்ணீரோடு இருக்கிறவளிடம் அது வக்கீல் எடுக்கிற பாயிண்ட் மாதிரி. நல்ல வேளை, நான் அதைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு அவர்கள் தந்த கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

வாயை மூடக் கற்றுக்கொண்டதற்கும் ஒரு கதை உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஏறி வந்தது. பழையாற்றின் முகத்துவாரத்தில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போயிற்று. நம் மாவட்டத்தில் மட்டும் எண்ணூறு பேருக்கு மேல், தமிழ்நாட்டில் ஏறக்குறைய எட்டாயிரம் பேர். நான் அப்போது ஊழியத்துக்கு வந்த புதிது. வாயில் அக்கினி இருந்தது, கண்ணில் தண்ணீர் இல்லை. ஒரு வீட்டுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "இது கடற்கரையின் பாவத்துக்குத் தேவன் அனுப்பின நியாயத்தீர்ப்பு" என்று முழங்கினேன். சிலர் ஆமென் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த வயதான அப்பா ஒருவர் மெதுவாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் அலையில் போனவர்கள் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

நான் பேசினது இரக்கமில்லாத பேச்சு மட்டும் அல்ல, வேதத்துக்கே விரோதமான பேச்சு என்று அறிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. கவனியுங்கள். ஆதியாகமம் 6:5-ல் மனுஷனுடைய இருதயத்து நினைவுகள் பொல்லாதவை என்று கர்த்தர் காண்கிறார், அதனால் வெள்ளம் வருகிறது. வெள்ளம் வடிந்த பிறகு 8:21-ல் அதே காரியத்தைத்தான் சொல்கிறார்: மனுஷனுடைய நினைவு சிறுவயது முதல் பொல்லாதது. ஆனால் இந்த முறை அதையே சொல்லி, ஆகையால் இனி இப்படிச் செய்யேன் என்கிறார். மனுஷன் மாறவில்லை. அழிக்கக் காரணமாயிருந்தது இப்போது பொறுக்கக் காரணமாகிறது. பாவத்தைத் தண்ணீரில் முழுக்கித் தீர்ப்பது தமது வழி அல்ல என்று தேவன் தமது கையைத் தாமே கட்டிக்கொண்டார். அந்தக் கட்டுக்கு அடையாளம்தான் வில். ஏசாயா 54-லும் நோவாவின் நாளில் இட்ட ஆணையை அவரே ஞாபகப்படுத்துகிறார். அப்படியிருக்க, கடல் பொங்கினவுடனே "இது தேவன் அடித்த அடி" என்று சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அவர் தொங்கவிட்ட வில்லை நான் எடுத்து நாணேற்றி, செத்துக் கிடந்தவர்கள்மேல் எய்தேன்.

பெரியவர்கள் கேட்பார்கள், சோதோம் இல்லையா, நினிவே இல்லையா, கடல் முழக்கமாயிருக்கும் என்று ஆண்டவர் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லவில்லையா என்று. உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தீர்க்கதரிசிகள் காரியம் நடக்கும் முன்னே வந்து எச்சரித்தார்கள். நடந்த பிறகு பிணத்தை எண்ணிக்கொண்டு வியாக்கியானம் சொல்ல வரவில்லை. சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதிலிருந்து பத்துவரைக்கும் இறங்கி இறங்கி மன்றாடினான். லூக்கா 13-ல் சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமிலுள்ள மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். மனந்திரும்புங்கள் என்றும் சொன்னார், மெய்தான். யாரைப் பார்த்து? செத்தவர்களைப் பார்த்து அல்ல, உயிரோடு அவர் முன்னே நின்றவர்களைப் பார்த்து.

இதில் விஞ்ஞானத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சுமத்ராவுக்குப் பக்கத்தில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் குளச்சலுக்கு ஒரு வார்த்தை சொல்ல அப்போது இந்துமகா சமுத்திரத்தில் எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இல்லை. 2007-ல்தான் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. ஒக்கியிலும், கரையில் இருந்தவர்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை ஏற்கனவே ஆழ்கடலுக்குத் தங்கலுக்குப் போயிருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. "நியாயத்தீர்ப்பு" என்று நான் சொன்னபோது என்ன செய்தேன் தெரியுமா? ஏன் ஒருவரும் சொல்லவில்லை, இனி யார் சொல்ல வேண்டும் என்ற கேள்வியையும் சேர்த்து அடக்கம் பண்ணினேன். மழையை அளக்கிறவனும், காற்றைக் கணிக்கிறவனும், நடுக்கடலுக்குச் செய்தி போகிற கருவியைச் செய்கிறவனும் ஒரு வகையில் வில்லின் பக்கத்தில் நிற்கிறவர்கள். விசுவாசத்தில் அறிவைக் கலக்காதே என்று அந்தத் தம்பியிடம் நான் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்று பாருங்கள்!

உடன்படிக்கை மனுஷனோடு மட்டும் பண்ணினதல்ல என்பதையும் 9-ம் அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பறவை, நாட்டு மிருகம், காட்டு மிருகம் எல்லாவற்றோடும் பண்ணினது. 2021 நவம்பர் மழையில் ஊரெல்லாம் வெள்ளக்காடாய்க் கிடந்ததைப் பார்த்தோம். குளத்தை நிரப்பிப் பிளாட் போட்டுவிட்டு, வெள்ளம் வந்தபோது தேவனைக் கேள்வி கேட்டால் எப்படி? இதை நீட்டவில்லை, இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் பிளாட் வாங்கினவர்களும் இருக்கிறீர்கள்.

அந்தச் சகோதரியின் கேள்வி இன்னும் நிற்கிறது. 9:16-ஐ வாசித்துப் பாருங்கள். வில்லைப் பார்த்து நினைவுகூருகிறவர் யார்? நோவா அல்ல, தேவன். வில் நம் கண்ணுக்காக மட்டும் வைத்ததாக இருந்தால் ஒக்கி அடித்த அந்த இரவில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சூரியன் இல்லாமல் வில் இல்லை, இருட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. நோவாவும் நாற்பது நாள் மழையில் ஒரு வில்லையும் பார்க்கவில்லை, பேழைக்குள் இருட்டில் இருந்தான். அப்போது தேவன் அவனை நினைத்தருளினார் என்று 8-ம் அதிகாரம் தொடங்குகிறது. வில்லுக்கு முன்னே நினைப்பு வந்துவிட்டது. விமானத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வானவில் சில வேளை முழு வட்டமாகத் தெரியும். தரையில் நிற்கிறபடியால்தான் நமக்குப் பாதி. இதை வைத்து உபதேசம் கட்ட எனக்குப் பிரியமில்லை. ஆனாலும் அந்தக் கடற்கரை வீட்டை நினைக்கும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வருகிறது.

சகோதரிக்கு நான் இதையெல்லாம் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது அவர்களே, "பாஸ்டரே, பதில் ஒண்ணும் சொல்லாண்டாம். தாலூகா ஆபீசுக்கு ஒரு பேப்பர் குடுக்கணும், கூட வருவியளா?" என்று கேட்டார்கள். போனேன். இரண்டு முறை போக வேண்டியிருந்தது.

அந்தத் தம்பி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஐப்பசியில் அந்த வில்லைப் பார்த்த அன்று ராத்திரியே அவனுடைய அம்மாவிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். மைக்கில் உன்னை உட்காரச் சொன்னது என் தப்பு, மன்னிச்சிரு மக்கா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சிரித்தான். "அது பரவாயில்ல பாஸ்டரே. ஆனா நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலியே" என்றான்.

எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். இந்த இதழ் அச்சாகி வந்ததும் முதல் பிரதி அவனுக்குத் தபாலில் போகிறது.